சீரியல் விளக்குச் சரம்



ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாளையொட்டிக் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழா நடைபெறுகின்றது. இத்தகைய விழாக்களில் ‘சீரியல்’ விளக்குச் சரங்களைக் கண்டிருப்பீர்கள். ஒரு பல்பு பழுதுற்றால் சரமே அணைந்துவிடுவது ஏன்?

பழைய வகைச் சரம் ஒன்றில் 6 வோல்ட் பல்புகள் 40 இருப்பதாகக் கொள்வோம். பூச்சரம் போல ஒன்றை அடுத்து ஒன்றாக அவற்றைக் கம்பியால் இணைத்து, சரத்தின் இரு முனைகளையும் 230 வோல்ட் மின்வழியில் சேர்த்திருப்பர். இதுவே தொடரிணைப்பு. இதில் மின்சாரம் செல்வதற்கு ஒரே பாதைதான் உண்டு.

முதற் பல்பில் மின்னோட்டம் மிகுந்தும் கடைசிப் பல்பில் குறைந்தும் இருக்கும் எனச் சிலர் எண்ணுவர். பேச்சிப்பாறை அணைநீர் வயல்தோறும் பிரிந்து கடைமடையில் மெலிவதைக் கண்ட நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால், வாய்க்காலுக்குக் கிளைகள் உண்டு. தொடரிணைப்புக்குக் கிளை இல்லை. ஆகவே, எல்லாப் பல்புகளிலும் ஒரே அளவு மின்னோட்டமே பாயும். பங்கிடப்படுவது மின்னழுத்தமே. 230-ஐ 40-ஆல் வகுத்தால், பல்பு ஒன்றுக்கு 5.75 வோல்ட்.

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதிப்படி, மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். எரியும் பல்பு ஒன்றின் தடை 60 ஓம் எனின், நாற்பதுக்கும் 2,400 ஓம். மின்னோட்டம் ஏறத்தாழ 0.096 ஆம்பியர்.

இனி, ஒரு பல்பின் இழை அறுந்தது என்க. பாதை துண்டிக்கப்பட்டதால் மின்னோட்டம் நின்றுவிடும். மின்னோட்டம் இல்லையெனில், ஏனைய பல்புகள் மின்னழுத்தத்தில் பங்கு கொள்வதில்லை. அப்படியானால் 230 வோல்ட்டும் எங்கே போயிற்று? அறுந்த அந்த ஓர் இடைவெளியின் இரு புறமும் முழுமையாக வந்து நிற்கின்றது. விளக்கு அணைந்தது, மின்னழுத்தம் அணையவில்லை!

“6 வோல்ட் பல்புதானே” என்று அங்கே விரல் வைப்பவரின் உடலே பாதையை நிறைவு செய்யும். உயிருக்கே கேடு நேரலாம். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றிய பின்னரே சரத்தைத் தொடுதல் வேண்டும். இன்றைய எல்.இ.டி. சரங்களிலும் விளக்குகள் பெரும்பாலும் தொடராகவே இணைக்கப்படுவதால், இவ்வெச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.