குதிரையிழந்த வீரருக்கு ஒரு கல்

வீரனைக் குதிரைமீதேற்றிச் சிலை வடித்து நகரின் நடுவே நிறுத்துவது பல நாடுகளிற் காணும் வழக்கம். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரில், சுவீடன் மன்னன் குஸ்தாவ் அடால்பின் கொடிக்கீழ்ப் போர் புரிந்தவர் பின்லாந்துக் குதிரைவீரர். அவர்களைப் பின்லாந்து மக்கள் இன்றும் சிலையெடுத்துப் போற்றுகின்றனர். நமது ஊவா மலைநாட்டிலும் குதிரைவீரருக்கென எழுந்த நினைவுக்கல் ஒன்றுண்டு. ஆயின், அதிற் குதிரையுமில்லை, வெற்றியுமில்லை.

பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி அப்புத்தளையைக் கடந்ததும் தியத்தலாவையை அடைகிறது. இன்று இராணுவப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற அந்த இடத்திலேதான் போயர் கைதிகளின் நினைவுத்தூண் நிற்கிறது. போயர் என்போர் தென்னாபிரிக்காவிற் குடியேறிய டச்சு வழிவந்த உழவர். சம்பளம் பெறும் சிப்பாய்களாக அன்றி, சொந்தக் குதிரையும் துப்பாக்கியுங் கொண்டு களம் புகுந்த குடிமக்கள். 1899இல் மூண்ட போரில் அவர்களது குதிரைவேகம் ஆங்கிலத் தளபதிகளைத் திகைக்கவைத்தது. எனினும், 1900 யூலையில் பிரின்ஸ்லூ என்னுந் தளபதியோடு நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சரணடைந்தனர். குதிரைகள் பறிக்கப்பட்டன, வீரர் கப்பலேற்றப்பட்டனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் கைதிகள் தியத்தலாவை வந்து சேர்ந்தனர். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 5,000 பேர். அவருள் நரைத்த முதியோரும் இருந்தனர். மீசை அரும்பாத சிறுவரும் இருந்தனர். முள்வேலிக்குள்ளே அவர்கள் மரத்திற் சிற்பம் செதுக்கினர். சொந்தமாகச் செய்தித்தாளும் நடத்தினர். ஆனால், குண்டுக்குத் தப்பியவரை நெருப்புக்காய்ச்சல் கொண்டுசென்றது. 1902இற் போர் முடிந்து ஏனையோர் தாயகம் மீண்டபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் ஊவா மண்ணிலேயே உறங்கிவிட்டனர். அவர்களின் பெயர்களையே அக்கல் தாங்கி நிற்கிறது. பகைவராய் வந்து, கைதிகளாய் மாண்டவருக்கும் பெயர் எஞ்சியது. இது போற்றத்தக்க பண்பு.

ஆயினும், அக்கல்லின்முன் நிற்கும் மலையகத் தமிழனின் உள்ளத்தில் வேறொரு வினா எழாதிராது.

1900ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் தோட்டத் துரைமார் பலர் குதிரைப்படையினராய்த் தென்னாபிரிக்கா சென்றனர். அதே போரில், காந்தியடிகள் நேட்டாலில் திரட்டிய தொண்டர்படையினர் ஏறத்தாழ 1,100 பேர், காயமுற்றோரைத் தூக்குப்படுக்கையிற் சுமந்தனர். அவருட் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் அவருட் பலர். போயர் வீரரின் பின்னேயும் குதிரை பேணி, உணவு சமைத்து, தோட்டா சுமந்து சென்ற கறுப்பின ஏவலாளர் இருந்தனர். வெள்ளையர் போர் எனச் சொல்லப்பட்ட அதில் இவர்கள் சிந்திய வியர்வையும் குருதியும் வரலாற்றேடுகளில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

நமது தோட்டங்களின் கதையும் வேறன்று. துரை குதிரையேறி மலையைச் சுற்றிவந்த காலத்தில் அதற்குப் புல்லறுத்தவன், உடல் தேய்த்தவன், கடிவாளம் பிடித்து ஓடியவன் தமிழ்க் குதிரைக்காரன். அவனுக்கு முந்திய தலைமுறை மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தது. வாந்திபேதியால் வழியிலே வீழ்ந்தவர் மிகப்பலர். எஞ்சியோர் காடு வெட்டினர், கோப்பி நட்டனர், பின்னர்த் தேயிலை நட்டனர். இம்மலைகளின் ஒவ்வொரு படிவரிசையும் அவர் கைப்பட்டது. அவருட் பெரும்பாலோரின் புதைகுழிமேல் இன்று கல்லில்லை; தேயிலைச் செடியே நிற்கிறது.

கல் நடுதல் நமக்குப் புதிதன்று. கல்லைத் தேர்வதுமுதல் நட்டு வாழ்த்துவதுவரை முறைகளை வகுத்துத் தந்தது தொல்காப்பியம். திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. அதில் வீரனருகே அவனது நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்த அந்நாயின் பெயர் கோவிவன் என எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. உடன்நின்ற நாயின் பெயரையும் மறவாத மரபில் வந்தோர், நம்மைச் சுமந்து வந்த மூதாதையரின் பெயரை மறக்கலாமா?

பெருஞ்சிலை வேண்டுமென்று கூறவில்லை. பெயர் வேண்டும். லயங்களில் வாழும் முதியோர் நினைவில் அது இன்னும் இருக்கிறது. பழைய செக்ரோல் ஏடுகள் எஞ்சிய இடங்களில் அவற்றிலும் இருக்கும். ஊவாப் பாடசாலை ஆசிரியர் மாணவரைத் தியத்தலாவைக் கல்லின்முன் அழைத்துச் செல்லட்டும். அந்நியரின் பெயர்களை வாசித்துத் திரும்பும் மாணவன், தன் பாட்டனின் தந்தை பெயரென்னவென்று வீட்டிற் கேட்டு எழுதிவரட்டும். பள்ளிக் குறிப்பேட்டில் எழுதப்படும் அப்பெயரே நம் மலைகளில் நடப்படும் முதற் கல்லாகும்.