சித்திரையில் ஒரு சீஸன்

சங்கீத சீஸன் என்றால் டிசம்பர் என்று ஊருக்கே தெரியும். அது எப்படி டிசம்பர் ஆனது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் கிறிஸ்துமஸ் லீவு, வெயிலும் கிடையாது. சபாக்கள் மார்கழியைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தச் சங்கீதம் சபாவில் பிறந்ததல்ல. அதன் பாதி, கோயில் வீதிகளில் நாகஸ்வரத்தோடு ராத்திரி முழுக்க நடந்து வளர்ந்தது. கோயில்களில் பெரிய உற்சவங்கள் பல பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும் வருகின்றன. அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, ஊருக்குக் கை ஓய்ந்திருக்கும் மாதங்கள் அவை.

அதனால் என் கணக்கில் சீஸன் ராம நவமியில் தொடங்கி நரசிம்ம ஜயந்தியில் முடிகிறது. டிசம்பருக்கும் போகிறவன்தான் நான். காலையில் லெக்டெம், மதியம் இளைஞர் கச்சேரி, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று, நடுவில் கேன்டீன் அடை அவியல். படுக்கும்போது காம்போதி பாடியது யார், கரகரப்ரியா பாடியது யார் என்று குழம்பும். அங்கே நாம் கேட்பதைவிட ஒப்பிடுவதுதான் அதிகம். ‘போன வருஷம் மாதிரி இல்லையே சார்’ என்று சொல்வதற்காகவே வருகிறவர்கள் உண்டு. கோடையில் அந்த வசதி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி, அப்புறம் அடுத்த நாள் வரைக்கும் அது மட்டும்தான்.

முதலில் பெங்களூர். யுகாதி வந்தால் சாமராஜபேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் பந்தல் எழும்பிவிடும். ஸ்ரீ ராமசேவா மண்டலியை எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் 1939-இல் தொடங்கினார். ராம நவமிக்குப் பானகம், நீர்மோர், கோசம்பரியோடு சேர்த்துப் பாட்டும் வேண்டும் என்ற எண்ணம் மாதக்கணக்கில் நடக்கும் உற்சவமாக வளர்ந்துவிட்டது. செம்பையும் எம்.எஸ்.ஸும் பாடிய மேடை. இத்தனை பெருமை இருந்தும் அது இன்னமும் பந்தல்தான், ஏ.சி. ஹால் இல்லை. பக்கத்திலேயே கே.ஆர். மார்க்கெட். சாயங்கால நெரிசலில் பஸ் ஹாரன் பல்லவிக்கு நடுவே தாராளமாக உள்ளே வரும். எனக்கு அது தொந்தரவாகத் தெரிவதில்லை. பாடுகிறவர்கள் அங்கே கொஞ்சம் குரலைத் திறந்துதான் பாடியாக வேண்டும். மைக்கை முத்தமிட்டுக்கொண்டு முனகினால் வேலைக்காகாது.

இந்த வருஷம் ஒரு சாயங்காலம் பேகடா ஆலாபனை நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. பந்தலின் மேல் சடசடவென்று இறங்கிய சத்தத்தில் பாடகி கண்ணை மூடிச் சிரித்தார், நிறுத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது மிருதங்கக்காரரை. ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அவர் ஆலாபனையைக் கேட்டுத் தலையசைத்தபடியே வலந்தலையின் மூட்டைச் சுற்றிக் கல்லால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தார். ஒரு தட்டு, ஒரு விரல், காதைச் சாய்த்து ஒரு கேள்வி, மறுபடி ஒரு தட்டு. தொப்பியில் அப்பிய ரவையை நேற்றுவரை வறண்ட காற்றில் அடிக்கடி நனைக்க வேண்டியிருந்திருக்கும், இன்று அதற்கு வேலையில்லை. வயலின்காரர் தம் முறைக்குக் காத்திருக்கும் சாக்கில் ஒரு பிருடையை முறுக்கிக்கொண்டார். பாடகி பஞ்சமத்தில் வந்து நின்றபோது மூன்று பேரும் ஒரே சுருதியில் இருந்தார்கள். மழைக்கும் அதற்குள் அலுத்துப்போயிருந்தது. வெளியே பிளாட்ஃபாரத்தில் நனைந்துகொண்டு கேட்டவர்கள் கை தட்டியது உள்ளே வரைக்கும் கேட்டது.

மறுநாள் பகல் முழுக்கக் கச்சேரி கிடையாது. லால்பாக் போனேன். ஹைதர் அலி போட்ட தோட்டம். நடுவே கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு முந்நூறு கோடி வயது என்கிறார்கள் புவியியல்காரர்கள். அதன் மேல் உட்கார்ந்து, பேகடாவில் அந்த அம்மா நிஷாதத்தை ஏன் அவ்வளவு நேரம் தள்ளிப்போட்டார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடை கிடைக்கவில்லை, பாதகமில்லை. டிசம்பராக இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. வருவதற்குள் அடுத்த சபாவில் வர்ணம் ஆரம்பித்திருப்பார்கள். சாயங்காலம் பந்தலுக்குப் போகும் வழியில் திப்புவின் கோடை மாளிகை. தேக்குத் தூண்கள், 1791-இல் கட்டி முடித்தது. பார்க்கவேண்டிய இடந்தான், ஆனால் என் மனசு அங்கே இல்லை.

பெங்களூரிலிருந்து நேரே திருவையாறு போவதில் எனக்கு ஒரு நியாயம் உண்டு. தியாகராஜர் சமாதி இன்று நமக்குக் கோயிலாக இருப்பதற்குக் காரணம் பெங்களூர் நாகரத்தினம்மாள். சிதைந்து கிடந்த இடத்தில் 1920-களில் தம் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். எழுப்பியவரையே ஆராதனையில் பாட விடவில்லை. பெண்கள் கூடாது என்றார்கள். அவர் பெண்களுக்கென்று தனியாக ஒரு ஆராதனையே நடத்திக் காட்டினார். இன்று சமாதிக்கு எதிரே அவர் சிலை கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது. தை மாத ஆராதனையில் பஞ்சரத்னம் பாட ஆயிரம் பேர் முண்டியடிக்கும்போது அந்தச் சிலையைப் பார்க்க யாருக்கும் கழுத்து திரும்பாது. சித்திரை மதியத்தில் அங்கே ஒரு காவலாளி, நிழலில் இரண்டு நாய், நான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அந்த அம்மாள் பெயரில் ஒரு ராகத்தையாவது மனசுக்குள் பாடிப் பார்க்கலாம். நான் ஆனந்தபைரவியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் திருவையாற்றுக்குச் சித்திரையில் போவது ஏழூருக்காக. பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். அதற்கு உதவிய ஊர்களுக்கெல்லாம் ஐயாறப்பர் நேரில் போய் வருகிறார் என்று ஐதிகம். பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, வேதம் ஓதுகிறவர்கள் திருவேதிகுடியிலிருந்து, நகை திருக்கண்டியூரிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் திருநெய்த்தானத்திலிருந்து. அந்தக் காலத்துக் கல்யாணக் கான்ட்ராக்ட் பட்டியல் அப்படியே ஸ்தல புராணம் ஆகிவிட்டது. கண்ணாடிப் பல்லக்கு அதிகாலையில் கிளம்பும். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ப் பல்லக்கு எதிர்கொண்டு சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஏழு பல்லக்கும் ஒன்றாகத் திருவையாறு திரும்பும்.

இடையில் காவிரியைத் தாண்ட வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி திறப்பது ஜூன் 12. அதுவரைக்கும் ஆற்றில் மணல்தான். பல்லக்கு அந்த மணலில் இறங்குகிற நேரம் இருக்கிறதே, அதற்காக எத்தனை கச்சேரி வேண்டுமானாலும் விடலாம். சுவாமி கிளம்பும்போது வாசிக்கிற மல்லாரிக்கு சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டையில் தாளக் கணக்கு மட்டும். அரங்கில் கேட்டபோதெல்லாம் அது எனக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டிருக்கிறது. இங்கே அது எதற்கென்று காலுக்குப் புரிந்துவிடுகிறது. பல்லக்கு தூக்குகிறவர்களின் நடை அந்தத் தாளத்தில் விழுகிறது. மணலில் கால் புதையும்போது தவில்காரர் காலத்தைத் தளர்த்துவதில்லை, சொற்கட்டை மாற்றுகிறார். அவருடைய வலது கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிய வெள்ளைக் கூடுகள். இடது கையில் கட்டை. மரமோ சுவரோ இல்லாத ஆற்று வெளியில் அந்த ஒலி எங்கேயும் முட்டித் திரும்பாமல் நேரே போய்க்கொண்டே இருக்கிறது. நாகஸ்வரம் காதுக்கு உரக்க இருக்கிறது என்பவர்கள் அதைக் கல்யாண மண்டபத்தில் நான்கு ஸ்பீக்கருக்கு நடுவே மட்டும் கேட்டவர்கள்.

ஒரு மனத்தாங்கல் உண்டு. இப்போது பல உற்சவங்களில் நாகஸ்வரத்துக்கு முன்னால் செண்டை மேளக் குழு, அதற்கு முன்னால் ஜெனரேட்டர் வண்டி. செண்டையின் மேல் எனக்குக் கோபமில்லை, கேரளத்துப் பூரத்தில் நின்று கேட்டு மெய்மறந்திருக்கிறேன். ஆனால் இருபது செண்டைக்கு நடுவே ஒரு நாகஸ்வரக்காரர் கல்யாணி ஆலாபனை செய்தால் அவர் மூச்சு யாருக்குப் போய்ச் சேரும்? பரம்பரையாக வாசிக்கிறவர் கூலிக்கு நின்றுவிட்டுப் போகிறார். ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இது கூட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். கேட்கிற நாலு பேர் கூடவே நடந்தால் ஒருவேளை கொஞ்சம் மாறலாம்.

அந்த மூச்சு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறை என்னவோ கிறீச்சிடும் ஒரு கடைசல், தரை முழுக்கச் சீவல். மரம் ஆச்சா. புது மரம் ஆகாது; இடித்த பழைய வீடுகளின் தூணும் உத்தரமுமாகப் பல பத்தாண்டுகள் காய்ந்து ஈரம் விட்டதுதான் வேண்டும். ஒருவர் கூடத்தில் நூறு வருஷம் கூரையைத் தாங்கிய மரம் குழலாகிறது. வாசிக்கிற துளைகள் ஏழு. கீழே பிரம்ம சுரம் என்று ஐந்து துளைகள், மெழுகு வைத்துச் சுருதியைச் சரி செய்ய. நுனியில் சீவாளி, அதைத் தாங்கும் கெண்டை, அடியில் அணசு. சீவாளி நாணல் தட்டையில் செய்வது. ஒருவர் உதட்டுக்குப் பழகியது இன்னொருவருக்கு ஒத்துவராது என்று சொல்லி ஆசாரி என் கையில் ஒன்றைக் கொடுத்தார். ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அவர் மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை. நிறையப் பேரைப் பார்த்திருப்பார்.

இதே ஊரில்தான் ரங்கநாதன் ஆசாரி 1955-இல் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகப் புதிய பாரி நாயனம் ஒன்றைச் செய்தார். பழைய குட்டைக் குழலான திமிரியில் சுருதி ஏற்றம், சுத்த மத்யமம் பிடிப்பது பெரும்பாடு. பாரியில் அது தடையில்லாமல் பேசிற்று. தோடிக்கு வேண்டியதே சுத்த மத்யமம். தோடி என்றாலே யாருடைய பெயர் வருமோ அந்த மனிதருக்கு அந்தக் குழல் கிடைத்து அதிக நாள் வாசிக்கக் கொடுத்துவைக்கவில்லை; 1956 டிசம்பரில் போய்விட்டார்.

கடைசி நிறுத்தம் மெலட்டூர். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சின்ன ஊர். நரசிம்ம ஜயந்தியன்று ராத்திரி பாகவத மேளம். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம், ஆண்களே எல்லா வேஷமும் கட்டுவார்கள். கோணங்கி குதித்து வந்து தொடங்கி வைத்தால் விடிய விடிய நடக்கும். லீலாவதியாக நடித்தவர், பிள்ளைக்காகக் கணவனிடம் மன்றாடும் இடத்தில் சும்மா ஒரு தோளை மட்டும் இறக்கினார். எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி, ‘போன வருஷமும் இந்த இடத்துலதாம்பா அழுதேன்’ என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். தூணிலிருந்து நரசிம்மம் வரும்போது முகமூடி அணிந்தவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். அது நாடகத்துக்கா, நிஜமாகவே பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். ‘ரெண்டும்தான்’ என்றார் வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

ஊர் திரும்பியபோது சென்னையில் கத்திரி. சில வாரங்கள் எதையும் கேட்கவில்லை. காதில் போனோடு அலைகிற பழக்கத்தை நிறுத்தினேன், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் சங்கடம். அப்புறம் பல் தேய்க்கும்போது பேகடா வந்தது. பாலுக்கு நிற்கும்போது மல்லாரியின் கணக்கு ஒன்று காலில் ஓடியது. அதுவாக வந்தது, அதுவாகப் போனது. கேட்டதில் எது தங்கிற்று என்று இப்படி விட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. புகழ்பெற்ற ஒரு கச்சேரி, பெயர் வேண்டாம், துளிகூடத் தங்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி ராஜரத்தினம் பிள்ளையின் பழைய தோடி இசைத்தட்டைப் போட்டேன். பலமுறை கேட்டதுதான். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நாலு நிமிஷம் கொள்ளும். வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்துக்கொண்டே நடந்தவரை ஓர் அறையில் நிறுத்தி, அதற்குள் முடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் அதை அடக்கமான தோடி என்று ரசித்திருந்தேன். இந்த முறை கேட்கும்போது அது அடக்கமாக இல்லை. ஒவ்வொரு பிடியும் தெருக்கோடி வரைக்கும் போகிற வேகத்தில் கிளம்பி, நடுவில் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புகிறது. மேல் ஷட்ஜத்தில் அவர் நிற்கும் இடத்தில் மட்டும் கடிகாரத்தை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். தட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.