கேள்வி கேட்கும் அதிகாரம்

பொதுப்பணத்தை எண்ணிப் பார்ப்பாருண்டு, நிறுத்துப் பார்ப்பாரில்லை. ஈராக்குப் போரில் அதுவும் நிகழ்ந்தது. 2003 மே தொடக்கம் 2004 ஜூன் வரை அமெரிக்காவிலிருந்து பக்தாத்துக்கு விமானங்களில் ஏற்றியனுப்பப்பட்ட நாணயத்தாள்களின் பெறுமதி ஏறத்தாழ 1,200 கோடி டொலர். நிறை 363 தொன். அதிற் பெரும்பகுதி ஈராக்கியரின் சொந்த எண்ணெய் வருவாய் முதலியவற்றாற் சேர்ந்தது என்பதை மறத்தலாகாது. ஆக்கிரமிப்பு நிருவாகம் ஈராக்கிய அமைச்சுக்களுக்கு வழங்கிய 880 கோடி டொலருக்குத் தக்க கணக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லையென விசேட கணக்காய்வாளர் ஸ்ருவேட் போவன் 2005 ஜனவரியிலேயே எழுதிவிட்டார்.

ஆயினும், அந்நிருவாகத்தின் தலைவராயிருந்த போல் பிரேமர் இந்த நாணயத்தாள்கள் பற்றிப் பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழுவுக்கு விடையிறுக்க அமர்ந்தது 2007 பெப்ரவரி 6ஆம் நாளிலேதான். இடையில் நிகழ்ந்தது யாது? போர் மாறவில்லை, ஜனாதிபதி மாறவில்லை. ஒரு தேர்தல் மட்டும் நடந்தது.

2006 நவம்பர் 7ஆம் நாள் நடந்த அத்தேர்தலில் காங்கிரசின் இரு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் வசமாயின. மறுநாளே பாதுகாப்புச் செயலாளர் றம்ஸ்பெல்ட் விலகுவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால், உண்மையான மாற்றம் குழு அறைகளிலே நிகழ்ந்தது. அமெரிக்க முறையிற் குழுத் தலைமை பெரும்பான்மைக் கட்சிக்கே உரியது; விசாரணைக்கு நாட்குறிப்பதும் அழைப்பாணை விடுப்பதும் அத்தலைமையோடு சேர்ந்தவை. ஹென்றி வாக்ஸ்மன் அதே குழுவிற் சிறுபான்மையினரின் முதல்வராகப் பத்தாண்டு இருந்து கடிதம் எழுதியவர். கடிதத்துக்கு மறுமொழி அனுப்பாது விடலாம். அழைப்பாணையை அவ்வாறு விடல் எளிதன்று. 2007 ஜனவரியில் அவரே தலைவரானார். கேட்டவரும் அவரே, கேள்வியும் அதுவே. ஆசனம் மட்டுமே வேறு.

போவனின் அலுவலகத்துக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. 2007 ஒக்ரோபரில் அதை மூடவேண்டும் என்றொரு வாசகம் 2006இன் பாதுகாப்புச் சட்டமொன்றின் இறுதிக் கட்டத்திற் புகுத்தப்பட்டிருந்தது. உறுப்பினர் பலர் அதைக் காணவுமில்லையாம்! தேர்தல் முடிந்தபின், புதிய காங்கிரஸ் கூடுமுன்னரே, அவ்வாண்டு டிசம்பரில் அலுவலகத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது.

ஆனால், கேட்பது வேறு, தடுப்பது வேறு. படையை மீட்கக் காலவரையறை விதித்த நிதி மசோதாவை ஜனாதிபதி புஷ் 2007 மே 1ஆம் நாள் நிராகரித்தார். அந்நிராகரிப்பை முறியடிக்க மூன்றிலிரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். கிடைத்தவை 222, எதிர்த்தவை 203. அவ்வாண்டில் ஈராக்கிலிருந்த படை குறையாது பெருகிற்று.

கட்சி மாறினாலன்றிக் கண்காணிப்பு வாராதோ எனின், அதற்கும் அந்நாட்டிலேயே விடையுண்டு. 1941இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் சொந்தக் கட்சியினரான செனற்றர் ஹரி ட்ரூமன், 15,000 டொலர் ஒதுக்கீட்டுடன் ஒரு குழுவைத் தொடங்கி, அவ்வரசாங்கத்தின் போர் ஒப்பந்தங்களையே துருவினார். இராணுவ முகாம்களைக் காண அவர் முன்னரே தம் மோட்டார்க் காரை ஓட்டிச் சென்றவர்.

அக்குழுவை முன்மாதிரியாகக் கொண்டு 2008இற் போர்க்கால ஒப்பந்தங்களுக்கான ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் 3,100 கோடி தொடக்கம் 6,000 கோடி டொலர் வரை வீண்செலவாகவும் மோசடியாகவும் போயிற்று என அது 2011இல் மதிப்பிட்டது. அதை அமைக்க முயன்ற செனற்றர் இருவரும் 2006 தேர்தலில் முதன்முறை வென்றவர்கள்: ஒருவர் ஜிம் வெப், மற்றவர் கிளயர் மக்காஸ்கில். மக்காஸ்கில் வென்றது, மிசூரி மாநிலத்தில் ஒருகாலத்தில் ட்ரூமன் வகித்த அதே ஆசனம்.