அந்த அரை நாள்

பாகிஸ்தானின் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில், மனச்சோர்வில் தவிக்கும் கர்ப்பிணிகளைக் கவனிக்க ஆளில்லை. மனநல மருத்துவர்கள் இருப்பதெல்லாம் நகரத்தில். ஆனால் தடுப்பூசி, சத்துணவு என்று வீடு வீடாகப் போகும் ‘லேடி ஹெல்த் ஒர்க்கர்’ ஊருக்கு ஊர் உண்டு. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். இவர்களுக்கே சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார்கள் மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மானும் அவரது குழுவினரும். பயிற்சி இரண்டு நாள். நான்கு மாதம் கழித்து இன்னொரு நாள். அவ்வளவுதான்.

வாயில் நுழையாத மருத்துவச் சொற்கள் கிடையாது, கையில் படங்கள். ‘நான் என்ன செய்தாலும் இந்தப் பிள்ளை தேறாது, என் தலையெழுத்து’ என்று ஒரு தாய் புலம்பினால், ‘அப்படியெல்லாம் நினைக்காதம்மா’ என்று அறிவுரை சொல்லக் கூடாது. (நம்மில் யாருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான்!) படத்தைக் காட்டி, இப்படியே நினைத்தால் அடுத்து என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். வேறு எப்படி நினைக்கலாம் என்பதைத் தாயின் வாயாலேயே வரவழைக்க வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் செய்து பார்க்க ஒரு சின்ன வேலையும் உண்டு. ‘மனநோய்’ என்ற பேச்சையே எடுப்பதில்லை. தாய், குழந்தை நலம் என்றுதான் பேச்சு. மாமியாரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம்.

கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி மொத்தம் 16 சந்திப்புகள். மனச்சோர்வு இருந்த 903 பெண்களிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு, 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் போய் வந்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். அந்த மற்றவர்களின் வீட்டுக்கும் பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் போனார்கள், சிபிடி பயிற்சி இல்லாமல். எனவே ஆறுதலாக நாலு வார்த்தை பேசியதால் வந்த குணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை.

2015இல் உலக சுகாதார நிறுவனம் இதையே கையேடாக வெளியிட்டது. கையேட்டைப் பார்த்து ‘இரண்டு நாள் போதுமே’ என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராவல்பிண்டிப் பணியாளர்கள் மாதந்தோறும் அரை நாள் மேற்பார்வையாளரோடு கூடி, எந்த வீட்டில் எங்கே சிக்கல் என்று பேசினார்கள். பயிலரங்கு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வது சுலபம். அந்த அரை நாளுக்கு மாதாமாதம் பணமும் ஆளும் ஒதுக்குவதுதான் கஷ்டம். அதற்கு மனமில்லாதவர்கள் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம்.