இளஞ்சிவப்புச் சாட்சி

வெடிமருந்தின் சுவட்டைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் சிறு பெட்டி போலீசாரின் கைக்கு வந்து வெகுகாலமாகிறது. ஆனால் காகிதத்தில் மலரும் நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு 'மகாநாயக் உத்தம் குமார்' என்று பெயர் மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆட்டோக்காரர்கள் இன்னும் 'டாலிகஞ்ச் மெட்ரோ' என்றுதான் கூவுகிறார்கள். 1986ல் சுரங்க ரயில் இங்கே வந்தது. 2009ல் பாதை தெற்கே நீளும் வரை இதுதான் கடைசி நிலையம். காலை நேரத்தில் ட்யூஷன் புத்தகப் பை, சாப்பாட்டுப் பை, மார்க்கெட் பை என்று எல்லாம் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

எக்ஸ்ரே இயந்திரம் பைக்குள் இருக்கும் பொருளின் உருவத்தைப் பார்க்கும். பையின் பிடியில் ஒட்டியிருக்கும் தூசியைப் பார்க்காது. நேற்று அந்தப் பையில் என்ன இருந்தது, அதைத் தூக்கியவர் எதைத் தொட்டார் என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. அந்த இடத்தில்தான் ஒரு சின்னப் பெட்டி வேலைக்கு வருகிறது. கொஞ்சம் தாள், இரண்டு மூன்று குப்பி அல்லது ஸ்ப்ரே, ஒரு வண்ண அட்டை. மின்சாரம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், வேதியியல் பட்டமும் வேண்டாம்.

முறை எளிது. சந்தேகப்படும் இடத்தைத் தாளால் துடைக்கிறார்கள். முதல் மருந்து தெளித்ததும் தாள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறினால் டி.என்.டி. வகை. மாறாவிட்டால் அதே தாளில் இரண்டாவது மருந்து. ரோஜா நிறம் பூத்தால் ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என்., நைட்ரோகிளிசரின் போன்றவை என்று சந்தேகம். அதற்கும் அசையாவிட்டால் மூன்றாவது மருந்து. இப்போது சிவந்தால் அம்மோனியம் நைட்ரேட், கரி மருந்து ரகம். கண்ணுக்கே தெரியாத அளவு சுவடு, அதாவது ஒரு கிராமில் கோடியில் சில பங்கு இருந்தால்கூட நல்ல பெட்டிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவிலும் இந்தப் பெட்டி செய்யப்படுகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் புனேயில் இயங்கும் உயர் ஆற்றல் பொருள்கள் ஆய்வகம் உருவாக்கிய சோதனைப் பெட்டிக்குச் சில மில்லிகிராம் மாதிரியும் மூன்று நான்கு சொட்டு மருந்தும் போதும். போலீசும் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுகளும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, 2013 ஆகஸ்டில் அதே தொழில்நுட்பம் அமெரிக்கச் சந்தைக்கும் போனது. வாஷிங்டனில் நடந்த அறிமுகத்தில் அமைப்பின் மூத்த விஞ்ஞானி டபிள்யூ. செல்வமூர்த்தி இருந்தார். ராணுவத் தொழில்நுட்பத்தை வாங்கியே பழகிய நாடு விற்கவும் செய்தது என்பதில் அன்று பெருமை இருந்தது.

இப்போது இந்தப் பெட்டிகளுக்குச் சட்டத்தின் தள்ளுதலும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவின்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வரவேண்டும். மாநிலங்கள் ஏற்பாடு செய்துகொள்ள ஐந்தாண்டு அவகாசம். நிபுணர் வேனில் வருகிறார் என்றால் வேனில் எடுத்துவரக்கூடிய சோதனைகளுக்கு மவுசு கூடும். நிறம் மாறும் தாள் அவற்றில் முதல் வரிசையில் நிற்கிறது.

நைட்ரைட்டின் ஊர்

அந்த ரோஜா நிறத்துக்குப் பின்னால் இருப்பவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். இங்கிலாந்தில் பர்ட்டன் நகரத்துப் பீர் ஆலை ஒன்றில் வேதியியல் வல்லுநராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். 1879ல் அவர் தந்த சோதனை நைட்ரைட் என்ற உப்புத் துகளைக் கண்டுபிடிக்கும். நைட்ரைட்டுடன் இரண்டு கரிமப் பொருள்கள் அடுத்தடுத்துச் சேர்ந்தால் சாயம் ஒன்று பிறக்கிறது. துணிகளுக்கு நிறமேற்றும் அசோ சாயங்களின் குடும்பம்தான் அது. சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையில் ஒரு கட்டம் இளஞ்சிவப்பாவதும் இதே வித்தைதான்.

நைட்ரைட் என்றால் கல்கத்தாவுக்கு உரிமை உண்டு. பிரசிடென்சி கல்லூரியில் 1896ல் மெர்க்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்து உலக வேதியியலாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் பிரபுல்ல சந்திர ராய். பெங்கால் கெமிக்கல்சை நிறுவியவரும் அவரே. 'நைட்ரைட்டுகளின் மன்னர்' என்று அவருக்குப் பெயர்.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிரீஸ் சோதனை வெடிமருந்தைப் பார்ப்பதே இல்லை. வெடிமருந்து உடைந்து வெளிவிடும் நைட்ரைட்டைத்தான் பார்க்கிறது. நைட்ரைட் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஆறு பேரின் வாழ்க்கை சிக்கிக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

சீட்டாடிய கைகள்

1974 நவம்பர் 21 இரவு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் பலியானார்கள். அன்றிரவே, வட அயர்லாந்துக்குக் கப்பலேற ரயிலில் போய்க்கொண்டிருந்த ஐந்து அயர்லாந்துக்காரர்களைப் போலீசார் பிடித்தார்கள். ஆறாவது ஆள் பர்மிங்ஹாமில் சிக்கினார். பிராங்க் ஸ்கியூஸ் என்ற தடய அறிவியல் நிபுணர் ரயிலில் வந்தவர்களின் கைகளைத் துடைத்து கிரீஸ் சோதனை செய்தார். சிலரின் கைகளில் நிறம் வந்தது. அவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொட்டவர்கள் என்பதில் தமக்கு 99 சதவீதம் நிச்சயம் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அடி உதைக்குப் பிறகு எழுதி வாங்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களும் சேர, ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை.

அந்த ரயிலில் அவர்கள் சீட்டாடிக்கொண்டு வந்திருந்தார்கள். சீட்டுக்கட்டின் பளபளப்புக்குக் காரணம் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. 1985ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக விஞ்ஞானிகள் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சீட்டைக் கலைத்துப் போட்ட கையும் அதே நிறத்தைக் காட்டியது. அதற்கு மேலும் ஆறாண்டுகள் காத்திருந்து 1991 மார்ச் 14 அன்று ஆறு பேரும் விடுதலையானார்கள். 16 ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. குண்டு வைத்தது யார் என்பதற்காக இதுவரை வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை. தவறான நிறம் அப்பாவியைச் சிறையில் தள்ளியதோடு, குற்றவாளியைத் தேடும் வேலையையும் முடித்து வைத்துவிட்டது.

டாலிகஞ்சின் பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் தெரிந்த சங்கதி. 1950களின் தொடக்கம் வரை சினிமா படச்சுருள் அதில்தான் செய்யப்பட்டது. பீரங்கியில் போடும் பஞ்சு மருந்துக்கு நெருங்கிய உறவு. தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. பி.என். சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் 1940ல் ஏற்பட்ட தீயில், ரவீந்திரநாத் தாகூர் முன்னின்று எடுத்த 'நடீர் பூஜா'வின் சுருள்கள் கருகிப்போயின. 1930களில் தமிழ்ப் பேசும் படங்கள் பலவும் கல்கத்தா ஸ்டுடியோக்களில் உருவானவைதான். அன்றைய எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருந்தவரின் விரலை இன்றைய சோதனைத் தாளால் துடைத்திருந்தால், ஸ்கியூஸுக்குத் தெரிந்த அதே நிறம் தெரிந்திருக்கும்.

நம் வீட்டுப் பட்டியல்

படச்சுருள் போய்விட்டது, பட்டியல் போகவில்லை. நகப்பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ் உண்டு. தச்சுப் பட்டறையில் பலகைக்கு அடிக்கும் லாக்கரில் உண்டு. மாரடைப்புப் பயத்தில் நாக்கடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரைகள் நைட்ரோகிளிசரினோ அதன் உறவுக்காரரோதான். வயலுக்கு நைட்ரேட் உரம் தூவிய கை, தீபாவளிக்கோ காளி பூஜைக்கோ பட்டாசு கொளுத்திய கை, சிவகாசியில் பட்டாசுக்கு மருந்து அடைத்துப் பிழைக்கும் கை எல்லாமே ஏதோ ஒரு கட்டத்தில் தாளைச் சிவக்க வைக்கக்கூடியவை. மேற்சொன்னவர்களில் எவரும் குற்றவாளி அல்ல.

மறுபக்கத் தவறும் உண்டு. நைட்ரஜனே இல்லாத வெடிமருந்துகள் இருக்கின்றன. பெராக்சைடு வகை அப்படிப்பட்டது. 2001 டிசம்பரில் பாரிசிலிருந்து மயாமி போன விமானத்தில் செருப்புக் குண்டை வெடிக்க முயன்ற ரிச்சர்டு ரீடிடம் அந்த ரகமும் இருந்தது. கிரீஸ் சோதனை அதன் முன்னால் குருடு. அதற்கென்றே தனிச் சோதனைப் பேனாவை உருவாக்கியவர் இஸ்ரேல் போலீசில் பணியாற்றிய வேதியியலாளர் ஜோசப் அல்மோக். ஆக, நிறம் வந்தால் குற்றம் என்று சொல்ல முடியாதது போலவே, நிறம் வராவிட்டால் ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. கொல்கத்தாவுக்கு அது தேவை. 1993 மார்ச் 16 நள்ளிரவை ஒட்டி பவ்பஜாரில் வீடுகள் இடிந்து 69 பேர் மாண்டார்கள். 2014 அக்டோபர் 2ல் பர்த்வானின் காக்ராகரில் ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். வங்காளத் தேர்தல்களின் தீராத வியாதி 'பேட்டோ' என்ற நாட்டுக் குண்டு. பந்து என்று நினைத்து எடுத்த குழந்தைகள் எத்தனையோ பேர். மூன்று தசாப்தங்களில் மேற்கு வங்கத்தில் இத்தகைய குண்டுகளால் 565 குழந்தைகள் காயமுற்றோ இறந்தோ போனதாக 2024ல் பி.பி.சி. கணக்கிட்டது. அதில் இறந்தவர்கள் மட்டும் 94. கைவிடப்பட்ட பையை, பூட்டிய அறையை, மாட்டுவண்டியில் வந்த மூட்டையை அந்த இடத்திலேயே பிரித்தறிய வேண்டிய போலீஸ்காரருக்கு ஆய்வகத்தின் பதில் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. ஆட்களை அப்புறப்படுத்துவதா, சாலையை மூடுவதா, எந்தப் பொருளை முதலில் பாதுகாப்பது என்ற கேள்விகளுக்கு ரோஜா நிறம் போதுமான பதில். இவரைக் கைது செய்யலாமா என்ற கேள்விக்குத்தான் அது போதாது.

இரண்டாவது தாள்

இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849ல் சென்னையில் தொடங்கப்பட்டது. நான்காண்டு கழித்துக் கல்கத்தாவில் அடுத்தது. நாட்டின் முதல் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் 1952ல் கல்கத்தாவில் வந்தது. 1957ல் மத்திய ஆய்வகமும் சேர்ந்தது. அங்கே மாதிரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூற்றையும் எடைபோட்டு அடையாளம் காட்டும் கருவிகள் உண்டு. சீட்டுப் பூச்சையும் நைட்ரோகிளிசரினையும் அவை குழப்பிக்கொள்வதில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய துணுக்குகளிலிருந்து இடுப்பு வெடிகுண்டை மீட்டு வரைந்து காட்டியது பி. சந்திரசேகரன் தலைமையிலான தமிழகத் தடய அறிவியல் துறை. ஒற்றை நிறத்தை நம்பி அந்த வேலை நடக்கவில்லை. கம்பி, துணி, இரும்புக் குண்டு, வேதியியல் என்று எல்லாம் ஒன்றையொன்று உறுதிப்படுத்திய பிறகே முடிவு சொல்லப்பட்டது.

சிக்கல் நேரத்தில்தான். பெட்டியின் பதில் சில நிமிடங்களில் வருகிறது. ஆய்வக அறிக்கைக்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் ஒரு மனிதர் சிறையில் இருப்பார். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் வழக்கு என்றால், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நீதிமன்றத்துக்குப் பட்டாலே 43டி(5) பிரிவு ஜாமீனுக்குக் குறுக்கே நிற்கிறது. கேஸ் டயரியில் 'வெடிமருந்து சோதனை: பாசிட்டிவ்' என்று எழுதப்பட்ட ஒரு வரி அந்த இடத்தில் எவ்வளவு கனக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே பெட்டியோடு சில பழக்கங்களும் போகவேண்டும். முதலில் எதையும் தொடாத வெற்றுத் தாளில் மருந்தைத் தெளித்துப் பார்ப்பது: தாளோ மருந்தோ கெட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுக் கையுறை: முந்தைய பொருளின் தூசு அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது. நிறம் வந்த நேரத்தைக் குறித்து, அப்போதே படமெடுப்பது: பல நிறங்கள் அரை மணியில் மங்கிவிடும். அந்த ஆளின் தொழில் என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எதைத் தொட்டார் என்று கேட்டு எழுதுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து தெளிக்காத இரண்டாவது தாள் ஒன்றை அதே இடத்தில் துடைத்து, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது.

முதல் தாள் தெளித்த உடனேயே செலவாகிவிடுகிறது. அதை எந்த ஆய்வகமும் திரும்பச் சோதித்துச் சரியா தவறா என்று சொல்ல முடியாது. பர்மிங்ஹாமிலும் நைட்ரோகிளிசரின் என்று உறுதி செய்திருக்க வேண்டிய கருவிச் சோதனைகள் கைகொடுக்கவில்லை. அவை சொன்னதைவிட நிறம் சொன்னதுதான் எடுபட்டது. டாலிகஞ்ச் நிலைய வாசலில் நாளை யாருடைய பையின் பிடியையாவது துடைக்க நேர்ந்தால், அவருக்கு நியாயம் கிடைக்குமா என்பது அந்த இரண்டாவது தாள் எடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது.