நான்கு சக்கர இழுவை டிராக்டர்: கிளப்பும் முறை

ஜூன் மாதத்தில் குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால், தென்காசி, இலஞ்சி, மேலகரம் பகுதிகளில் கார் நெல்லுக்குத் தொழி உழவு மும்முரமாகிவிடும். நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் டிராக்டர் பல்சக்கரம் முறிந்து நின்றால், மறு வண்டி வாடகைக்குக் கிடைப்பது அரிது. நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர்கள் இப்போது பெருகி வருவதால், அவற்றைக் கிளப்பும் முறையைச் சிறு விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் கிளட்சைப் படக்கென்று விட்டால், பெரும்பாலும் டயர் வழுக்கிச் சுழலும். அதிர்ச்சி மண்ணில் போய்விடும். நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்ளும் வண்டியில் அப்படி வழுக்குவதற்கு இடம் குறைவு. வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் பிளைவீலின் விசை முழுவதும் கிளட்ச், கியர் பற்கள், அச்சு ஆகியவற்றின் மீதே பாய்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்று ஓடும்போது வண்டி மணிக்கு 2 கிலோமீட்டர் நகர்ந்தால், 4.4 மீட்டர் சுற்றளவுள்ள பின் சக்கரம் நிமிடத்திற்கு 8 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். அதாவது எஞ்சினின் முறுக்கு விசை அச்சுக்குப் போகும்போது ஏறத்தாழ 250 மடங்காகிறது. பல் முறிவதில் வியப்பில்லை.

ஆகவே, வேலைக்கேற்ற கியரை வண்டி நிற்கும்போதே போட்டு, எஞ்சினை மிதமான வேகத்தில் வைத்து, கிளட்சை ஒரே சீராக விட வேண்டும். வண்டி நகர்ந்த பிறகே ஆக்சிலேட்டரைக் கூட்ட வேண்டும். அரைக் கிளட்சில் நெடுநேரம் வைத்திருப்பதும் கேடுதான், பிளேட் கருகிவிடும்.

சேற்றுக்குள் முறிவு அவ்வளவாக நேராது. வரப்பு ஏறும்போதுதான் நேரும். முன் சக்கரம் கெட்டி மண்ணைப் பிடிக்க, பின் சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும். அப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் அடி முன் அச்சுக்குத்தான். செங்குத்தான வரப்பில் வண்டியைப் பின்னோக்கி ஏற்றுவது பாதுகாப்பானது. டிபரென்ஷியல் லாக்கைச் சக்கரம் சுழலும்போது போடக்கூடாது. வண்டியைத் திருப்புமுன் எடுத்துவிட வேண்டும்.

தொழியில் புதைந்த வண்டியின் சக்கரத்தில் கட்டையைக் கட்டிக் கிளப்பும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இது உயிருக்கே ஆபத்து. கட்டை தரையில் ஊன்றிச் சக்கரம் சுழல முடியாதபோது, வண்டியின் முன்பக்கம் மேலெழுந்து ஓரிரு நொடிகளில் ஓட்டுநர் மீது கவிழ்ந்துவிடும். மேல் இணைப்புக் கம்பியில் சங்கிலி மாட்டி இழுப்பதும் அப்படியே. சங்கிலியை இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும்.

முன் சக்கர இழுவையைப் போட்டபடி தார்ச்சாலையில் ஓட்டுவது மற்றொரு தவறு. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றுக் கூடுதலாக, சுமார் 1 முதல் 5 சதவீதம், ஓடும்படி அமைக்கப்பட்டுள்ளன. வயலில் இது நன்மை. தாரில் மண் விட்டுக்கொடுக்காததால் உள்ளே முறுக்கேறி, டயர் தேய்ந்து, பல் உடையும். பாவூர்சத்திரம் சந்தைக்கு டிரெய்லரில் காய்கறி கொண்டு போகும்போது லீவரை எடுத்துவிட வேண்டும்.

இந்த வித்தியாசத்தை விவசாயிகளே சோதிக்கலாம். முன், பின் சக்கரங்களில் சுண்ணாம்புக் குறியிட்டு, சமமான மண் பாதையில் பின் சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை இழுவை போட்டு ஒரு முறையும், எடுத்து ஒரு முறையும் ஓட்டி, முன் சக்கரச் சுற்றுகளை எண்ண வேண்டும். இழுவையுடன் 16 சுற்று, இல்லாமல் 15.5 சுற்று என்றால் வித்தியாசம் சுமார் 3 சதவீதம், சரியானதே. 5 சதவீதத்தைத் தாண்டினாலோ, முன் சக்கரம் பின்தங்கினாலோ, டயர் காற்றையும் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் நான்கு டயரும் நிறுவனம் குறித்த அளவில் உள்ளனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.