சைவ சாசேஜ்: பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை தொடங்கி மறையூர், குமுளி வரை நம் மளிகைக் கடைகளில் மீல் மேக்கர் பழகிய சரக்கு. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தில் தள்ளி, நார்நாராக்கி எடுப்பதுதான் அது. இறைச்சி சேராத சாசேஜ் பலவற்றுக்கும் இதே முறைதான் அடிப்படை. ஆனால் உதிராமல் நிற்க அதற்கு வேறு சில பொருள்களும் வேண்டும்.

பொட்டலத்தின் பின்னால் சேர்க்கைப் பொருளின் எண்ணாக ஐ.என்.எஸ். 461 என்று இருந்தால் அது மெத்தில் செல்லுலோஸ். மரக்கூழிலோ பருத்தியிலோ உள்ள செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றிச் செய்வது. சூடேறினால் இறுகும், ஆறினால் இளகும். தோசைக்கல்லில் போட்ட சாசேஜ் கெட்டியாவது இதனால்தான். 407 என்றால் காராஜீனன். அதற்கான கடற்பாசியை ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிறார்கள். எண்ணைப் பார்த்தே மிரள வேண்டாம், இரண்டும் அனுமதிக்கப்பட்டவை.

கவனிக்க வேண்டியது உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லேபிளில் உள்ள சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள்: 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும், உப்பைச் சொல்லாது. சோயாவோ கோதுமையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒவ்வாமைக் குறிப்பைப் படிக்காமல் வாங்காதீர்கள்.